இறக்கி வைத்த சுமை

அஞ்சலாட்சியின் கையிலிருந்த சுமைக்காப்பு அன்று காலை பச்சையாகிவிட்டது. பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தவள் முதலில் நம்பவில்லை. முந்தானையால் துடைத்துவிட்டுப் பார்த்தாள். பச்சையேதான்.

கல்யாணத்துக்கு முன்பிருந்தே சிவப்பில் கிடந்த காப்பு அது. ஐந்து வயதைத் தாண்டிய எல்லோர் கையிலும் அரசாங்கம் அதை மாட்டிவிட்டிருந்தது. வியர்வையைத் தொட்டே உடம்பில் எவ்வளவு நஞ்சு தேங்கியிருக்கிறது, என்ன தின்கிறோம், அந்த நஞ்சால் எத்தனை வருஷத்தில் சர்க்கரை நோய் வரும் என்றெல்லாம் கண்டுபிடித்துத் தன் சின்னத் திரையில் காட்டிவிடும். கண்டுபிடித்தால் சும்மா இருக்குமா? சோற்றைக் குறை, காலாற நட என்று நேரங்கெட்ட நேரத்தில் புத்தி சொல்லும். சுற்றிலும் ரசாயனத் தொழிற்சாலைகள் நிற்கிற அந்த மீனவக் குப்பத்தில் அதன் தொணதொணப்பு ஓய்ந்ததே இல்லை. ஆனால் தொழிற்சாலைகளை அது ஒரு வார்த்தை சொன்னதில்லை. மாட்டியிருப்பது மனுஷர் கையில்தானே!

அஞ்சலாட்சியின் அப்பா சர்க்கரையால் ஒரு காலை இழந்து, அந்தக் கவலையிலேயே போய்ச் சேர்ந்தார். அண்ணனுக்கும் முப்பது வயதுக்குள் வந்துவிட்டது. இந்தப் பீடை தன்னோடு ஒழியட்டும், மகளை அண்டவே கூடாது என்பதுதான் அவளுடைய ஒரே வேண்டுதல்.

"பாத்தியாடி, எல்லாம் என் கைப்பக்குவம்!" என்று குதித்தாள் நாத்தனார் வேம்பு. பால் நன்றாகச் சுரக்கட்டும் என்று பால்சுறாப் புட்டு செய்து செய்து ஊட்டியவள் அவள்தான். "நம்ம குப்பத்துல புள்ள பெத்தவ அத்தினி பேருக்கும் பச்சையாயிடுச்சு. சுறான்னா சும்மாவா? இந்தா, இன்னும் ரெண்டு வாய் தின்னு."

"அதே தண்ணிதான் குடிக்கிறேன், அதே மீனுதான் திங்கிறேன். உள்ள இருந்தது எங்க அண்ணி போயிருக்கும்?"

"எங்கியோ போய்த் தொலையுது. ஒனக்கு எதுக்கு அந்த ஆராய்ச்சி?"

பிள்ளை சப்பிச் சப்பிக் குடித்துக்கொண்டிருந்தது. அதன் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்த அஞ்சலாட்சிக்குத் திடீரென்று ஒரு சந்தேகம் வந்தது. காப்பைக் கழற்றிப் பிள்ளையின் காலில் மாட்டினாள். சற்று நேரம் மினுக்கிவிட்டு அது சிவப்பானது.

"உங்கள் நச்சுச்சுமை மிக அதிகம். சோற்றைக் குறையுங்கள். தினமும் நடங்கள்."

"அட கூறுகெட்ட மிஷினே! அது இன்னும் குப்புறக்கூட விழலியே!" என்று வேம்பு விழுந்து விழுந்து சிரித்தாள். அஞ்சலாட்சி சிரிக்கவில்லை. பிள்ளையை அள்ளிக்கொண்டு சுகாதார நிலையத்துக்கு ஓடினாள்.

நர்ஸ் ரோசலின் பிள்ளையின் காலைப் பார்த்ததுமே கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"அந்த நஞ்செல்லாம் வருஷக்கணக்கா ஒடம்புக் கொழுப்புல தங்கியிருக்கும்க்கா. பால் சுரக்கிறப்போ கொழுப்பும் கரையும். அதோட சேர்ந்து இதுவும் எறங்கிடும்."

"எங்க எறங்கும்?"

ரோசலின் பிள்ளையைப் பார்த்தாள்.

"ஐயோ பாவி நான், பெத்தவளே ஊட்டியிருக்கேனே!" அஞ்சலாட்சிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "நிறுத்திடட்டுமா நர்சம்மா?"

"ஐயையோ, அந்தத் தப்பை மட்டும் பண்ணிடாதீங்க. தாய்ப்பாலுக்கு ஈடு எதுவும் இல்ல. பால் பவுடர்னாலும் இந்த ஊருத் தண்ணியிலதானே கரைக்கணும்? சுறாவை மட்டும் விட்டுடுங்க. பெரிய மீனுலதான் விஷம் அதிகமா சேரும். இனிமே சேராம இருக்கணும்னா தண்ணிதான் மாறணும். அது என் கையில இல்லியேக்கா."

"இத்தினி நாளா ஏன் சொல்லல?"

"கைக்கொழந்தைங்களுக்குக் காப்பு கெடையாது. அளக்காததை மேல சொன்னா யாரு கேப்பாங்க?"

அன்று சாயங்காலம் தண்ணீர்க் குழாயடியில் அஞ்சலாட்சி எல்லாத் தாய்மாரிடமும் விஷயத்தைச் சொன்னாள். ஒருத்தி திட்டினாள், ஒருத்தி அழுதாள். ஆனால் வீட்டுக்குப் போய்த் தங்கள் காப்பைப் பிள்ளையின் காலில் மாட்டிப் பார்க்காதவர் யாருமில்லை.

வாரக் கடைசியில், காப்புகள் பச்சையான கணக்கைப் பார்த்து அரசாங்கம் குப்பத்தில் பந்தல் போட்டு விழா நடத்தியது. தாய்மார்களின் சுமை குறைந்திருப்பதே மண்ணும் நீரும் சுத்தமாகிவிட்டதற்குச் சாட்சி என்று, வந்திருந்த பெரிய அதிகாரி மைக்கில் பேசினார். அந்தச் சந்தோஷத்தில் இன்னொரு தொழிற்சாலைக்கு அனுமதி கொடுத்திருப்பதாகவும் அறிவித்தார். கைதட்டலை எதிர்பார்த்து நிறுத்தியவர், தட்டல் வராததால், "எங்க, பச்சைக் காப்பையெல்லாம் தூக்கிக் காட்டுங்கம்மா, பார்ப்போம்" என்றார்.

தாய்மார்கள் கையைத் தூக்கினார்கள். எல்லாம் வெறுங்கை.

"காப்பு எங்கம்மா?" என்றார் அதிகாரி.

அஞ்சலாட்சி பிள்ளையோடு மேடை ஏறினாள். குட்டிக் கால் ஒன்றை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"இந்தா இருக்குது சார். எந்த வயசுல இவளுக்குச் சர்க்கரை வரும்னு அதுலயே போட்டிருக்குது. நீங்களே படிங்க. மைக்குலயே படிங்க சார், எல்லாருக்கும் கேக்கட்டும்."