பின்னோக்கி ஓடிய நான்கு விநாடிகள்

காது கேட்கும் கருவிகளைப் பழுதுபார்க்கும் அம்மாளுக்கு ஊர் வைத்த பெயர் காதம்மா. காலை பத்து மணிக்கு அவர் கடைப் படியேறி வந்த நகரமன்ற ஒலிப்பதிவாளரின் முகத்தில் ஈயாடவில்லை.

"மேடம், சாயங்காலம் நாலு மணிக்கு விசாரணை. என் வேலை போயிடும். அதோட விட்டாக்கூடப் பரவாயில்ல, போலீஸ்ல வேற கொடுக்கப் போறாங்களாம்."

காதம்மாவின் கொழுந்தனார் உடனே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். காப்பீடு விற்பது அவர் தொழில். காதால் கேட்டே துப்புத் துலக்கும் அண்ணியிடம் வரும் வழக்குகளில் மூக்கை நுழைப்பது அவர் உயிர்.

விஷயம் இதுதான். ஊரில் ஒரு கழகம் உண்டு. அரசியல்வாதிகளின் பேச்சைத் தலைகீழாக ஓடவிட்டால் அவர்கள் மறைத்த உண்மை வெளியே வந்துவிடும் என்று நம்புகிறவர்கள் கூடும் இடம். ஓய்வு பெற்ற நில அளவையாளர் ஒருவர் அதை நடத்துகிறார். எல்லோரும் அவரைத் தலைகீழார் என்பார்கள். பதினொரு வருடத்தில் கழகம் கண்டுபிடித்தது ஒரு தும்மலும் இரண்டு ஏப்பமும்தான். ஆனால் போன திங்கட்கிழமை உண்மையாகவே ஒன்று மாட்டியது. புதிய குடிநீர்த் தொட்டியைத் திறந்துவைத்து நகரமன்றத் தலைவி பேசிய பேச்சைத் திருப்பிப் போட்டபோது, ஒரு பெண் குரல் தெளிவாகச் சொன்னது: "நான் சொன்னதெல்லாம் பொய்." மறுநாளே அது செய்தித்தாளில் வந்தது. பாதி ஊர் அந்தத் தண்ணீரைத் தொட மறுக்கிறது.

"கழகத்துக்கு மாசாமாசம் பென் டிரைவ்ல நகல் போட்டுத் தபால்ல அனுப்புறது நான்தான்" என்றார் ஒலிப்பதிவாளர். "அதான் நானே செருகிட்டேன்னு சொல்றாங்க."

"மூலப் பதிவைக் காட்டிட்டா முடிஞ்சுதே!" என்று துள்ளினார் கொழுந்தனார்.

"நகல் அனுப்பினதுமே அழிச்சிடுவோம் சார். கம்ப்யூட்டர்ல இடம் பத்தாது."

"அந்த இடத்துல தலைவி நிஜமா என்ன பேசினாங்க?" என்று கேட்டார் காதம்மா.

"ஒண்ணும் பேசல மேடம். தண்ணி குடிச்சாங்க. ஒரு நாலு விநாடி இருக்கும்."

கழகத்திடமிருந்து வாங்கி அவர் கொண்டு வந்திருந்த பதிவைக் காதம்மா தலைகீழாக ஓடவிட்டார். கைதட்டல் ஒன்றுமில்லாததிலிருந்து மெல்ல வீங்கி, பட்டென்று அறுந்தது. பிறகு அந்தக் குரல். குரலுக்குப் பின்னால், மிக லேசாக, ஏதோ பாத்திர மூடி விழுந்த சத்தம்: டண்… டண்… டண் டண் டடடட. அப்புறம் அமைதி.

"மிமிக்ரி பண்ற ஆளைத் தேடணும் அண்ணி!"

"கொஞ்சம் சும்மா இருங்க தம்பி." காதம்மா மூன்று தடவை கேட்டார். பிறகு ஒலிப்பதிவாளரிடம், "எங்க தங்கியிருக்கீங்க?" என்றார்.

"லாட்ஜ்ல. சாப்பாடெல்லாம் ஓட்டல்தான்."

"சரி. ரெண்டு மணிக்குத் தலைகீழார் வீட்டுக்கு வந்துடுங்க. தலைவியையும் நான் வரச் சொல்றேன்."

கழகம் கூடுவது தலைகீழார் வீட்டு முன்னறையில்தான். தலைவி கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். தலைகீழார் மாப்பிள்ளை முறுக்கோடு நின்றார். அவர் மனைவி டீ கொண்டுவந்து வைத்தார்.

"ஐயா, இந்தப் பதிவை நேராப் போட்டுக் கேட்டீங்களா?" என்று ஆரம்பித்தார் காதம்மா.

"கழகத்துல அதுக்குத் தடை. நேராக் கேட்டா மனசு மயங்கிடும்."

"அதனாலதான் ஒரு சத்தம் உங்க யார் காதுலயும் உறைக்கல. தலைகீழாப் போட்டா கைதட்டல்கூட விபரீதமா கேக்குது. ஆனா குரலுக்குப் பின்னால ஒரு மூடி விழுது பாருங்க, அது மட்டும் ஒழுங்கா விழுது."

காதம்மா சமையலறைக்குள் போனார். அங்கிருந்து மூடி விழும் சத்தம் வந்தது. முதலில் நிதானமாக ஆடி, பிறகு படபடத்து, அடங்கியது.

"விழுற மூடி இப்படித்தான் அடங்கும்" என்றபடி திரும்பி வந்தார். "திறப்பு விழாவுல பதிவானதா இருந்தா, திருப்பிப் போடும்போது படபடப்புல ஆரம்பிச்சு நிதானத்துல முடியணும். இது நேரா இருக்கு. அப்போ யாரோ ஒரு பொம்பள சமையல்கட்டுல நின்னு நேராப் பேசி, அதைத் திருப்பி, தலைவி தண்ணி குடிச்ச இடத்துல ஒட்டியிருக்காங்க. கேட்டுச் சரிபார்த்ததும் தலைகீழாத்தான். அதான் மூடி வீட்டுச் சத்தமாவே கேட்டிருக்கு, சந்தேகம் வரல. லாட்ஜ்ல தங்கியிருக்கிற ஒலிப்பதிவாளர் தம்பிக்கோ சமையல்கட்டே கிடையாது."

"அப்போ யாரு?" என்றார் தலைவி.

"ஐயா, கவரை எல்லார் முன்னாலயும் பிரிச்சது திங்கட்கிழமை. வீட்டுக்கு வந்தது எப்போ?"

"சனிக்கிழமை. இவதான் வாங்கி வச்சா…" தலைகீழாரின் குரல் பாதியில் நின்றது.

"நான்தான்" என்றார் அவர் மனைவி. "பதினொரு வருஷமா பக்கத்துல உக்காந்து பாக்கறேன், எனக்குத் திருப்பத் தெரியாதா? முப்பது பேர் வந்த வீட்டுக்கு இப்போ நாலு பேர் வர்றாங்க. தெருப் பசங்க இவரைப் பாத்தா பின்னாலயே நடந்து காட்டுறாங்க. ஒரே ஒரு தடவை இவர் ஜெயிக்கட்டும்னு பண்ணேன். இவர் குளிச்சிட்டு வர்றதுக்குள்ள பேசி முடிக்கணும்னு அவசரப்பட்டேன், மூடி நழுவிடுச்சு. பேப்பர்ல வரும், இந்தப் பிள்ளை பொழப்புல மண் விழும்னு சத்தியமா நினைக்கல."

தலைகீழார் மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார். "நூறு தடவை கேட்டிருப்பேன்" என்றார். "உன் குரல்னு எனக்குத் தெரியலையே." அவமானமாகத்தான் இருந்தது, ஆனால் கோபம் வரவில்லை. காகிதம் எடுத்து, ஒலிப்பதிவாளர் மேல் குற்றமில்லை என்று எழுதி, கையெழுத்துப் போட்டுத் தலைவியிடம் நீட்டினார்.

தலைவி படித்தார். "நாலு மணி விசாரணை ரத்து. ஆனா அஞ்சு மணிக்குத் தொட்டிகிட்ட ஊரைக் கூட்டப் போறேன். புருஷனும் பொண்டாட்டியும் வந்து எல்லார் முன்னாலயும் நடந்ததைச் சொல்லி, தண்ணி குடிக்கணும்."

கொழுந்தனார் மட்டும் விடவில்லை. "அப்போ மிமிக்ரி இல்லையா அண்ணி?"

"இல்ல தம்பி."

ஐந்து மணிக்குத் தொட்டியடியில் எள் விழ இடமில்லாத கூட்டம். தலைகீழாரின் மனைவி மைக் முன் நின்று ஒன்று விடாமல் சொன்னார். பக்கத்தில் தலைகீழார் தண்ணீர்க் குவளையோடு நின்றார். மனைவி பேசி முடித்ததும் முதலில் கைதட்டியவர் அவர்தான். பாதித் தண்ணீர் அவர் சட்டையில் கொட்டியது. ஊரே சிரித்துக் கைதட்டியது.

ஒலிப்பதிவாளருக்குக் கண்ணீர் வழிந்தது. துடைக்க இரண்டு கையும் ஒழியவில்லை. ஒரு கை ஒலியின் அளவைச் சரிசெய்துகொண்டிருந்தது. இன்னொரு கை, அடுத்துப் பேச வந்த தலைவிக்கு மைக்கை உயர்த்திக்கொண்டிருந்தது.