சூடு ஆறாத கோட்டு

அவளுக்கு நல்ல பெயர் ஒன்று உண்டு. ஆனால் அது பள்ளிக்கூடத்தில் மட்டும்தான் பயன்பட்டது. வீட்டில் எல்லாரும் அவளைப் பராக்கு என்றே கூப்பிட்டார்கள். நடக்கும்போது பராக்கு பார்ப்பாள். சாப்பிடும்போது பராக்கு பார்ப்பாள். பல் துலக்கும்போது ஜன்னலுக்கு வெளியே ஒரு மேகம் போனால் போதும், நுரை சட்டையில் வழிவதுகூடத் தெரியாமல் நின்றுவிடுவாள்.

அந்தச் சனிக்கிழமை சித்தி அவளைப் பழைய துணிக்கடைகள் இருக்கும் தெருவுக்குக் கூட்டிப் போனாள். சித்தி நாடகங்களுக்கு உடை தைப்பவள். மறுநாள் ஒரு நாடகம். அதில் வரும் கப்பல் கேப்டனுக்கு அவள் பார்த்துப் பார்த்துத் தைத்த கோட்டு, ஒத்திகையில் அவர் குனிந்தபோது முதுகில் டர்ரென்று கிழிந்துவிட்டது. இனிமேல் புதிதாகத் தைக்க நேரமில்லை.

"என் கையை விடாதே. எங்கேயும் பராக்கு பாத்துட்டு நின்னுடாதே," என்றாள் சித்தி.

"நிக்க மாட்டேன் சித்தி," என்று பராக்கு ஒரு கடையின் ஜன்னலைப் பார்த்து நின்றுகொண்டே சொன்னாள்.

மழை தூறலாக விழுந்துகொண்டிருந்தது. உயரமான கட்டடங்களுக்கு நடுவே அந்தத் தெரு மட்டும் குறுகலாக, யாரும் தொந்தரவு செய்யாமல் தூங்குவது போல இருந்தது.

முதல் கடை படி இறங்கிப் போகிற ஒரு நிலவறை. அங்கே மணிகள் கோத்த பச்சை கவுன் ஒன்று தொங்கியது. மேலே தெருவில் பஸ் போகும்போதெல்லாம் அதன் மணிகள் நடுங்கின. கவுன் தனக்குத்தானே மெதுவாக ஆடிப் பார்ப்பது போல இருந்தது.

அடுத்த கடையில் ஒரு மஞ்சள் ஸ்வெட்டர். இரண்டு முழங்கையிலும் சிவப்பு நூலால் ஒட்டுப் போட்டிருந்தது.

"இதைப் போட்டவங்க மேசையில முழங்கையை ஊன்றி ரொம்ப யோசிப்பாங்க போல," என்றாள் பராக்கு.

"நீயும்தான் ஊன்றி உக்கார்றே. வீட்டுப்பாடம் முடியுதா?" என்றாள் சித்தி.

கேப்டனின் கோட்டு மட்டும் எங்கேயும் கிடைக்கவில்லை. ஒன்று சின்னதாக இருந்தது. ஒன்றைப் பூச்சி அரித்திருந்தது. சித்தியின் முகம் கடைக்குக் கடை சுருங்கிக்கொண்டே வந்தது.

கடைசிக் கடை பெரியது. கழுத்தில் இஞ்ச் டேப் தொங்க, குண்டான கடைக்காரர் ஒருவர் கல்லாவில் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் கோட்டுகள் காடு மாதிரி தொங்கின. பராக்கு அந்தக் காட்டுக்குள் நுழைந்தாள். கோட்டுக் கைகள் அவள் கன்னத்தைத் தடவின. அவளும் ஒவ்வொன்றையும் தொட்டுக்கொண்டே போனாள். எல்லாம் ஆற்றுக் கூழாங்கல் போலக் குளிர்ந்திருந்தன.

ஒரு கோட்டில் அவள் கை நின்றது. பழுப்பு நிறக் கோட்டு. அதன் கைக்குள் தன் கையை விட்டுப் பார்த்தாள். யாரோ இப்போதுதான் எழுந்து போன படுக்கை மாதிரி உள்ளே கதகதவென்று இருந்தது.

"சித்தி, இந்தக் கோட்டு சூடா இருக்கு."

சித்தியின் காதில் கோட்டு என்பது மட்டும்தான் விழுந்தது. ஓடி வந்து எடுத்துப் பார்த்தாள். "அளவு கச்சிதமா இருக்கே. நிறம்தான் கொஞ்சம் இடிக்குது. பரவாயில்லை, மேடை வெளிச்சத்துல சமாளிச்சுக்கலாம்."

கடைக்காரர் கோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது எப்ப வந்துச்சுன்னே தெரியலையே. விலைச்சீட்டையும் காணோம்," என்று முனகிவிட்டு, வாய்க்கு வந்த ஒரு விலையைச் சொன்னார். சித்தி மறுபேச்சுப் பேசாமல் கொடுத்தாள்.

கோட்டு இருந்த பையைப் பராக்குதான் தூக்கிக்கொண்டு நடந்தாள். தெருமுனையில் பை ஒரு விளக்குக் கம்பத்தில் இடித்தது. உள்ளேயிருந்து மெல்லிசாக ஒரு சத்தம் வந்தது. ங்ங்ங்.

பராக்கு நின்றாள். வேண்டுமென்றே இன்னொரு தடவை இடித்தாள். ங்ங்ங்.

"சித்தி, கோட்டு பாடுது."

"பசியில உனக்குக் காது அடைக்குது. வா, ஏதாவது சாப்பிடலாம்."

பராக்கு கோட்டின் பைக்குள் கையை விட்டாள். இரண்டு கால் உள்ள ஓர் இரும்புத் துண்டு வந்தது. அறிவியல் டீச்சர் அதை வகுப்பில் தட்டிக் காட்டியிருக்கிறார். இசைக்கவை.

"பழைய கோட்டுல ஏதாவது பழைய சாமான் கிடக்கும்தான்," என்றாள் சித்தி.

"ஆனா இது சூடா இருந்துச்சு சித்தி. மத்ததெல்லாம் ஜில்லுன்னு இருந்துச்சு. அப்படின்னா..." பராக்கு கொஞ்ச நேரம் தூறலையே பார்த்தாள். "இப்பதான் யாரோ கழட்டி மாட்டியிருக்காங்க. இது விக்கிற கோட்டே இல்லை."

சித்தி பையைப் பார்த்தாள். பிறகு வானத்தைப் பார்த்தாள். "கேப்டனுக்கு என்ன பண்றது?" என்றாள், தன்னையே கேட்பது போல.

"தெரியலை. ஆனா இந்த மழையில அந்த ஆள் கோட்டு இல்லாம எப்படி வீட்டுக்குப் போவார்?"

சித்தி பெருமூச்சு விட்டாள். குடையை மறுபக்கம் திருப்பினாள். "நட. உன்னைக் கூட்டிட்டு வந்தேன் பார்," என்றாள். ஆனால் அவள் குரலில் கோபம் இல்லை.

கடையில் ஒரே அமளி. ஒல்லியான, உயரமான மனிதர் ஒருவர் கோட்டு கோட்டாக இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாமே பழசுதான் சார். இதுல உங்க பழசு எதுன்னு நான் எப்படிச் சொல்றது?" என்று கேட்டுக்கொண்டிருந்தார் கடைக்காரர்.

"வேற ஒண்ணைப் போட்டுப் பாக்கலாம்னு என்னோடதைக் கழட்டி இங்கே மாட்டினேன். உள்ளே போய்க் கண்ணாடியில பாத்துட்டு வர்றதுக்குள்ள காணோம். கோட்டுகூடப் போகட்டும். அதுல என் இசைக்கவை இருக்கு. நான் பியானோவுக்குச் சுருதி சேர்க்கிறவன். இன்னிக்குக் கச்சேரி. அங்கே பியானோ தொண்டை கட்டின மாதிரி கிடக்கு."

பராக்கு இசைக்கவையை அவர் முன்னால் நீட்டினாள்.

அவர் அதை வாங்கி முழங்காலில் தட்டி, கண்ணை மூடிக் காதருகே வைத்துக்கொண்டார். பிறகு மறுபடி தட்டி, அதன் காம்பைத் துணிகள் தொங்கும் நீளமான இரும்புக் கம்பியில் ஊன்றினார்.

"இந்தப் பக்கம் காதை வெச்சுப் பாரு பாப்பா."

பராக்கு கண்ணை மூடிக் கம்பியில் காதை வைத்தாள். கம்பி முழுவதும் ரீங்காரம் ஓடியது. அத்தனை கோட்டுகளும் வாயைத் திறக்காமல் ஒரே பாட்டை முணுமுணுப்பது போல இருந்தது. அவள் கண்ணைத் திறந்தபோது கடைக்காரரும் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டு நின்றார்.

கடைக்காரர் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். சித்தி சிரிக்க முயன்றாள், சிரிப்பு வரவில்லை. பராக்கு மட்டும் இசைக்கவைக்காரரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் உடம்பில் இருந்தது கருநீலக் கோட்டு. இரண்டு வரிசைப் பொத்தான். தூக்கி நிற்கிற காலர்.

"என்ன பாப்பா, அப்படிப் பாக்கிறே?" என்று அவர் கூச்சத்தோடு கேட்டார். "போட்டுப் பாத்தது இதைத்தான். எனக்குச் சரிப்படாது. கண்ணாடியில பாத்தா ஏதோ கப்பல் ஓட்டுறவன் மாதிரி இருக்கேன்."

சித்தி சட்டென்று நிமிர்ந்தாள். அவரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

"சார், கையைத் தூக்குங்க. திரும்புங்க. இப்ப நல்லாக் குனிங்க."

அவர் ஏன், எதற்கு என்று கேட்காமல் குனிந்தார். மூன்று பேரும் அவர் முதுகையே பார்த்தார்கள்.

"கிழியலை," என்றாள் பராக்கு.

சித்திக்கு அப்போதுதான் சிரிப்பு வந்தது. அவர் தன் பழுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு கச்சேரி மண்டபத்துக்கு ஓடினார். கருநீலக் கோட்டு பைக்குள் போனது. கடைக்காரர் இந்தத் தடவை விலைச்சீட்டு இருக்கிறதா என்று நன்றாகப் பார்த்துக்கொண்டார்.

அவர்கள் சாப்பிட்டு முடித்து பஸ்ஸுக்கு நடந்தபோது தெருவிளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. கச்சேரி மண்டபத்தின் ஜன்னல் ஒன்று திறந்திருந்தது. உள்ளே யாரோ பியானோவில் ஒரே கட்டையைத் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தார்கள். முதலில் அது கரகரத்தது. பிறகு கொஞ்சம் தெளிந்தது. சற்று நின்று, மறுபடி வந்தது.

பஸ் வருவது தூரத்தில் தெரிந்தது. ஆனால் பராக்கு ஜன்னலுக்குக் கீழே நின்றுவிட்டாள். சித்தியும் அவளை இழுக்கவில்லை. குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். பஸ் வந்தது, போயும் விட்டது.

அந்தச் சத்தம் இன்னொரு முறை வந்தது. இந்த முறை அது உருண்டையாக, பளபளவென்று, ஜன்னலிலிருந்து இறங்கித் தெரு முழுவதும் பரவியது.

"இப்ப சரியாயிடுச்சு," என்றாள் பராக்கு.

"ஆமா," என்றாள் சித்தி. இருவரும் அடுத்த பஸ்ஸுக்கு நடந்தார்கள்.