பேச்சியம்மாவின் முறை

மழை பிடித்துக்கொண்ட ஒரு மாலையில் ரமேஸும் அவன் மனைவி நிரோஷினியும் அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். கண்டி நகருக்கு மேலே, மேட்டில் ஏறும் ஒடுங்கிய பாதையின் முடிவில் இருந்தது வீடு. எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரத் துரை கட்டியது. இப்போது வாசலில் பல்லின் படம் போட்ட பலகை தொங்கியது. உள்ளே நுழைந்ததும் கிராம்புத் தைலத்தின் நெடி. அதற்கும் அடியில் இன்னொன்று இருந்தது: ஊறிப்போன வெற்றிலைச் சக்கையின் வாடை.

நிரோஷினி மஞ்சள் சால்வையால் தாடையைச் சுற்றிக் கட்டியிருந்தாள். கடைவாய்ப் பல்லுக்குக் கீழே தொடங்கிய வீக்கம் வலது கன்னத்தை விழுங்கிவிட்டிருந்தது. வாயில் தேக்கரண்டிகூட நுழையாது. கஞ்சித் தண்ணீரைக் குழாய் வைத்து உறிஞ்சினாள். பேச்சு அடியோடு நின்றுபோயிற்று. வத்துகாமத்துப் பல் டொக்டர் டோர்ச் அடித்துப் பார்த்ததுமே கையை எடுத்துவிட்டார்.

"இது பல்லோட நிக்கல்ல. தாடை எலும்புக்குப் போயிருச்சு. வாய், தாடை ஒப்பரேஷன் செய்யிற ஸ்பெஷலிஸ்ட்தான் பாக்கணும். வீக்கம் கழுத்துக்கு எறங்கினா மூச்சு அடைச்சிரும். தள்ளிப் போடாதீங்க."

அப்படி ஒருவரைக் கண்டுபிடிப்பதற்குள் ரமேஸுக்குப் பாதி உயிர் போய்விட்டது. ஒருவர் வெளிநாட்டில் இருந்தார். இன்னொருவரின் போனை யாரும் எடுக்கவில்லை. கொழும்பிலிருந்து வரும் ஒருவர் இந்த வீட்டில் நோயாளரைப் பார்க்கிறார் என்று கேள்விப்பட்டு, மடுல்கெல்ல தேயிலைத் தோட்டத்திலிருந்து போன் போட்டுச் சனல் பண்ணி முறை பதிந்தான். கிடைத்தது கடைசி இடம்.

கூடம் நிறைய ஆட்கள். பலர் சுவரில் சாய்ந்து நின்றார்கள். ஆனாலும் மூலையில் ஒரு கதிரை காலியாகக் கிடந்தது.

"குந்து புள்ள," என்று ரமேஸ் அவளை அதில் உட்கார வைத்தான்.

நின்றிருந்தவர்கள் அவளைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையில் இரக்கம் துளியும் இல்லை.

கதிரை சில்லிட்டிருந்தது. வெற்றிலை வாடை அங்கேயிருந்துதான் வந்தது.

பெயர் கூப்பிடும் மஸாஹிரா வெளியே வந்தாள். "கொழும்புப் பாதைல கடுகண்ணாவ பக்கம் மண்ணு சரியுதாம். டொக்டர் வெள்ளன போறார். எல்லாரயும் பாக்க ஏலா. கடைசில ஈக்கிறவங்க அடுத்த தரம் வாங்க."

நிரோஷினி கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். வீக்கம் காலையில் இருந்த இடத்தில் இல்லை. கீழே இறங்கியிருந்தது.

மஸாஹிரா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். மூலையைப் பார்க்காமல் கூப்பிட்டாள்.

"பேச்சியம்மா."

யாரும் அசையவில்லை. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

"பேச்சியம்மா."

ரமேஸ் கையைத் தூக்கினான். "இந்தா இருக்கோம்!"

அவனுக்கு அது ஒரு பெரிய பொய்யாகத் தோன்றவில்லை. தோட்டத்தில் யாருடைய பெயர்தான் சரியாகப் பதிவாகியிருக்கிறது? அவனுடைய அடையாள அட்டையிலேயே வேறு யாருடைய பெயரோ இருந்தது. கூப்பிட்ட பெயருக்கு ஆமாம் போட்டுத்தான் அவன் வளர்ந்தான்.

மஸாஹிராவின் முகம் வெளுத்தது. கிட்ட வந்து கிசுகிசுத்தாள். "வாணாம் தம்பி. அந்தப் பொம்புள வாய்ல புத்து வந்து, இந்தக் கதிரைலயே காத்திருந்து செத்தவங்க. மொதல்ல அவங்கட பேரக் கூப்பிடாட்டி இங்க ஒரு வேலயும் நடக்க விடுறாங்க இல்ல. சும்மா கூப்பிடுற. பதில் குடுக்கக் கூடா."

"செத்தவளுக்கு எதுக்கு டொக்டரு? உசிரோட இருக்கிறவளப் பாக்கட்டும்."

"தோட்டத்து ஆளுகளுக்கு எப்பவும் அவசரம்தான்," என்றான் சுவரோரம் நின்ற ஒருவன். "போகட்டும், விடுங்க. பட்டாத்தான் தெரியும்."

நிரோஷினி வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். வலிக்குப் பயப்படுகிறாள் என்று நினைத்து ரமேஸ் கையைப் பிடித்து இழுத்தான். எழுந்தபோது அவளோடு சேர்ந்து இன்னொரு பாரமும் எழுந்தது.

டொக்டர் தலையை நிமிர்த்தவில்லை. "பேச்சியம்மா?"

"ஆமாங்க ஐயா."

"வாயத் தொறங்க."

"அதுதாங்க ஐயா, தொறக்க ஏலாது..."

அவள் வாய் திறந்தது.

வலி இல்லை. எலும்பு கடக்கென்று விலகியது. வாய் இன்னும் திறந்தது. இன்னும்.

அவள் திறக்கவில்லை.

டொக்டர் விளக்கை இழுத்துக் குனிந்தார். அப்படியே நின்றார். "எவ்வளவு காலமா வெத்தில போடுறது?"

"இவளா? வெத்தில பாக்கு தொடவே மாட்டாளுங்க."

நிரோஷினி நாக்கால் துழாவினாள். தேய்ந்த கட்டைப் பற்கள். வழுவழுத்த ஈறு. எதுவும் அவளுடையதில்லை. கன்னத்து வீக்கத்தைத் தேடி அழுத்திய டொக்டரின் விரல்கள் சட்டென்று பின்வாங்கின. வீக்கம் அங்கே இல்லை.

"போங்க," என்றார் அவர். விளக்கை அணைத்தார். "வெளிய போங்க."

கூடத்துக்கு வந்ததும் ரமேஸ் சிரித்தான். "பாத்தியா புள்ள? நான் வாயத் தொறந்ததாலதான ஒன் வாயும் தொறந்திச்சு!"

மஸாஹிரா அவர்களை வழிமறித்து நின்றாள். அவள் பார்வை பெண்ணின் வாயில் இருந்தது. பட்டியலின் கடைசிப் பெயரை மெதுவாக, சோதிப்பதுபோல் கூப்பிட்டாள்.

"நிரோஷினி?"

நான்தான் என்று சொல்ல நிரோஷினி முழு மூச்சையும் கூட்டினாள். வாய் அவளுக்கு முந்திக்கொண்டது. கரகரத்த கிழட்டுக் குரல்.

"அவ வரல்ல."

ரமேஸ் அதையும் வேடிக்கை என்று எடுத்துக்கொண்டான். "தொண்டை கட்டியிருக்கு அவளுக்கு," என்றான்.

அந்த வாய் சிரித்தது. அந்தக் கை மஞ்சள் சால்வையை அவிழ்த்து மூலைக் கதிரையின்மேல் எறிந்தது.

சால்வை நிரோஷினியின் மடியில் விழுந்தது.

அவள் கதிரையில் இருந்தாள். தன் முதுகு, தன் சடை, தன் செருப்பு வாசற்படி இறங்குவதைப் பார்த்தபடி இருந்தாள். ரமேஸ் குடையை விரித்து, நனைந்துவிடாதே என்று அந்தப் பெண்ணை அணைத்துக்கொண்டான். படியோரம் அந்தப் பெண் சிவப்பாகத் துப்பினாள். மழை அதைக் கழுவவில்லை.

நிரோஷினி எழப் பார்த்தாள். முடியவில்லை. கத்தப் பார்த்தாள். தாடை இறுகிக் கிடந்தது. வீக்கம் கழுத்தில் இருந்தது.

டொக்டர் அடுத்த தரம் வந்த நாளிலும் கூடம் நிறைந்தது. பலர் நின்றார்கள். மூலைக் கதிரையில் யாரும் உட்காரவில்லை. கிடந்த சால்வையை யாரும் எடுக்கவும் இல்லை.

மஸாஹிரா வெளியே வந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். மூலையைப் பார்க்காமல் முதல் பெயரைக் கூப்பிட்டாள்.

"நிரோஷினி."

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

சால்வை மட்டும் கதிரையில் மெல்ல நிமிர்ந்தது.