உப்பில்லாத கடல்

சுனாமி வந்து ஐந்து வாரங்கள் கழித்து, வாவிக்கரைப் பழைய சந்தை மறுபடி கூடியது. கூரையில்லாத அந்தச் சந்தையில் மீன் இருந்தது, மரக்கறி இருந்தது, ஆட்களும் இருந்தார்கள். நிம்மதிதான் இல்லை. விலை கேட்கும்போதே எல்லோரும் கடல் இருக்கும் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

பத்து வயது சுலோஜனா அம்மாவுடன் கீரை விற்க வந்திருந்தாள். ஒரு சைக்கிள் விழுந்தாலும் அவளுக்கு நெஞ்சு திக்கென்றது.

"கீரை வாடுது. தண்ணி எடுத்திட்டு வாறன், இஞ்சயே இரு புள்ள," என்று அம்மா வாளியோடு போனாள்.

அப்போதுதான் யாரோ கத்தினார்கள்.

"கடல் வருது! ஓடுங்க!"

தராசுகள் உருண்டன. செருப்புகள் பறந்தன. பருத்த அரிசி வியாபாரி முகைதீன்பாவா, எப்படி ஏறினாரோ, வாகை மரக்கிளையில் இருந்தார்.

சுலோஜனாவும் "அம்மா! அம்மா!" என்று கத்தியபடி ஓடினாள். வழியில், மீன் பலகைக்குக் கீழே ஓர் அழுகுரல். நின்றாள். ஒரு சின்னப் பெண் பலகையின் காலைக் கட்டிப்பிடித்திருந்தாள்.

"உன்ட பேர் என்ன?"

"நிஸ்றா. உம்மாவக் காணல்ல!"

"வெளியே வா, தேடுவம்."

"மாட்டன். தண்ணி வருது!"

உண்மைதான். தெருப்பக்கமிருந்து தண்ணீர் பாய்ந்து வந்து சுலோஜனாவின் பாதங்களை நனைத்தது. அவள் நிஸ்றாவை இழுத்துப் பலகைமேல் ஏற்றினாள். தானும் ஏறினாள்.

ஆனால், தண்ணீர் உயரவில்லை. கடல் இந்தப் பக்கம் இல்லையே! அவள் மெல்ல இறங்கி, குனிந்து விரலை நனைத்து நாக்கில் வைத்தாள். சந்தைத் தரையின் மீன் மணம் அடித்தது. உப்பு இல்லை.

"கடல் இல்ல! இது நல்ல தண்ணி! உப்பே இல்ல!" என்று தொண்டை கிழியக் கத்தினாள்.

"நல்லாப் பாத்தியா புள்ள?" என்றார் மரத்திலிருந்த முகைதீன்பாவா.

"நீங்களும் இறங்கிப் பாருங்க!"

"இறங்கத் தெரிஞ்சா இன்னும் இஞ்ச இருப்பனா?"

ஓடியவர்கள் நின்றார்கள். தெருமுனையில், அகதி முகாமுக்குக் குடிநீர் கொண்டுபோன பவுசர் வண்டியின் குழாய் உடைந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

நிஸ்றாவின் உம்மா ஒற்றைச் செருப்போடு ஓடி வந்தாள்.

"உம்மா, இந்த அக்கா கடல நக்கிப் பாத்தா!"

உம்மாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. இரண்டு பிள்ளைகளையும் சேர்த்து அணைத்துக்கொண்டாள். சுலோஜனாவின் அம்மா வந்து தன் மகளைக் கேட்கும்வரை அவள் பிடியை விடவே இல்லை.