தெம்புக்கு அரை பாட்டில்

"ஐயோ... என்னங்க!"

ஆவுடைத்தாயின் அலறல் ஐந்தருவிச் சாலை வரை கேட்டது.

சாரல் சீசனுக்குக் குற்றாலத்தில் வாடகைக்கு எடுத்த பங்களா. கட்டிலுக்குக் கீழே அவள் புருஷன் சிவசைலம் கிடந்தான். முகம் செக்கச்செவேலென்று இருந்தது. மூச்சு இல்லை!

அரை மணியில் தென்காசியிலிருந்து இன்ஸ்பெக்டர் வல்லிநாயகம் வந்து இறங்கினார். மதுவிலக்குக் கேஸ் பிடிப்பதில் புலி என்று பெயர். யார் வைத்த பெயரோ!

"இவதான் ஸார் கொன்னுட்டா!" செத்தவனின் தம்பி அய்யாக்குட்டி மார்பில் அடித்துக்கொண்டான். "தினம் காலைல அண்ணனுக்குக் காபியில மாத்திரை கலந்து குடுக்கா!"

"குடியை நிறுத்துத மாத்திரை ஸார்!" என்றாள் ஆவுடைத்தாய். "நெல்லை டாக்டர் எழுதுனது. அவுஹளுக்குத் தெரிஞ்சுதான் குடுத்தேன். நாப்பது நாளா ஒரு சொட்டு தொடல."

உண்மைதான். நாற்பது நாளாகத்தான் சிவசைலம் மனிதனாக இருந்தான். போதையில் தம்பி நீட்டிய பத்திரத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டவன், தெளிந்ததும், 'இலத்தூர் வயல் எப்பிடிலே ஒம் பேருக்குப் போச்சு?' என்று கேட்க ஆரம்பித்திருந்தான்.

"மாத்திரையா, விஷமான்னு ஸ்டேஷன்ல வந்து சொல்லு!" வல்லிநாயகம் உறுமினார்.

ஆவுடைத்தாய் புருஷன் பக்கத்தில் உட்கார்ந்தாள். புருஷனைக் கொன்றவள் என்று ஆகிவிட்டால்... தூக்கு!

அப்போதுதான் பார்த்தாள். கட்டிலடியில் பாதி காலியான ஒரு பாட்டில்.

"இது யாரு குடுத்தது?"

"அரிஷ்டம் மதினி. செங்கோட்டை வைத்தியர்ட்ட வாங்குனேன். அண்ணனுக்குத் தெம்புக்கு நான்தான் குடுத்தேன். நானும் தினம் குடிக்கேன்லா!"

மோந்து பார்த்தாள். பதினைந்து வருஷம் பக்கத்தில் படுத்து மோந்த அதே சாராய வாடை!

டாக்டரிடம் போன அன்று சிவசைலம் நிதானத்தில் இல்லை. டாக்டர் பத்தியம் சொன்னதெல்லாம் கூடப் போன தம்பியிடம்தான். வீட்டுக்கு வந்து, "சாராயம் மட்டும் ஆகாது மதினி" என்றவனும் இவன்தான்!

"விசாரணை இருக்கட்டும்... மொதல்ல சூடா ஒரு காபி போடும்மா," என்றார் இன்ஸ்பெக்டர்.

பிணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு!

போட்டாள். இரண்டு டம்ளர். ஆண்கள் இருவரும் உறிஞ்சி முடித்தார்கள்.

அவள் அரிஷ்டத்தை ஊற்றி நீட்டினாள்.

"ஏலே அய்யாக்குட்டி, தினம் குடிக்கதுதானே? இப்பமும் குடி! காபியில ரெண்டு மாத்திரை போட்டிருக்கேன்..."

அவன் துள்ளி எழுந்தான்.

"ஐயோ! மாத்திரைக்கு மேல அரிஷ்டம் பட்டா நெஞ்சு நின்னுரும்னு டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னாரே!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தான்.

"எங்கிட்ட நீ சொல்லலியேலே, பாவி! தெரிஞ்சேதான் அவுஹளுக்கு ஊத்திக் குடுத்திருக்கே!" அதுவரை அடக்கிய அழுகை வெடித்தது.

வாசலில் நின்ற கான்ஸ்டபிள் ஓடி வந்து விலங்கு மாட்டினார்.

அய்யாக்குட்டியை ஜீப்பில் ஏற்றியாயிற்று. இன்ஸ்பெக்டர் மட்டும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. அந்தச் சாரலிலும் அவருக்கு வேர்த்து வழிந்தது.

"எம்மா... எங் காபியிலயுமா மாத்திரை போட்டே? காலைல... ஒரே ஒரு..."

ஆவுடைத்தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒங்களுக்கு என்ன ஸார் பயம்? நாட்டுல மதுவிலக்குல்லா அமல்ல இருக்கு!"