தனியாக இயக்குகிறாரா?

மூன்றாம் மாடி ஏறி முடிப்பதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கியது. முதியவர்களுக்கு வீட்டு மருத்துவக் கருவிகளைப் பழக்கிக் கொடுப்பது அவள் வேலை. போகிற வீடுகளில் எல்லாம் அவள் ‘பட்டன் டீச்சர்’. கணவன் போன பிறகு அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை.

“வாங்க டீச்சர்,” என்று கதவைத் திறந்தார் பெரியவர். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்றவர். மனைவி இறந்து ஒன்றரை வருடம், அதிலிருந்து தனிக்கட்டை. மணி மூன்றுதான். ஆனாலும் எதிர்க் கட்டிடம் வெயிலை மறைத்ததில், வீட்டுக்குள் அப்போதே இருட்டு கட்டியிருந்தது. எங்கும் காயாத ஈரத்துணியின் வாடை. ஆனால் கொடியில் ஒரு துணிகூட இல்லை.

மேசை மேல் ரத்த அழுத்தக் கருவி இருந்தது. தினமும் கையில் பட்டையைச் சுற்றி, திரையைத் தொட்டு, அளவை மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். அதைக்கூடத் தானே செய்ய முடியவில்லையென்றால் முதியோர் இல்லம்தான் என்று வேறு ஊரில் இருக்கும் மகன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். இன்று கடைசிப் பரிசோதனை.

பெரியவர் விரலை நீட்டினார். அது நடுங்கி, ‘அனுப்பு’க்குப் பதிலாகப் பக்கத்திலிருந்த ‘அழி’யைத் தொட்டது. மறுபடி முயன்றார். காய்ந்த தோலைத் திரை கண்டுகொள்ளவே இல்லை. மூன்றாம் முறை, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்வதற்குள் திரை அணைந்துபோனது.

“பத்து ஆளை ஏத்திட்டுப் போற லிஃப்ட்டை ஒத்த விரல்ல நிறுத்தினவன் நான். இத்தனூண்டு சாமான் என்னைப் படுத்துது பாருங்க.”

“அவசரமே இல்லைங்க ஐயா,” என்றாள். எழுத்து சிறிது, பொத்தான்கள் நெருக்கம், திரை சீக்கிரம் அணைகிறது என்று குறித்துக்கொண்டாள். குற்றம் கருவியுடையது. வீட்டை இழக்கப்போவது இவர்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

“ஆனா தினமும் காலைல உங்க அளவு தவறாம வருதே ஐயா. யார் அனுப்புறாங்க?”

பெரியவர் குரலைத் தாழ்த்தினார். “நீங்க இருக்கிறதால கூச்சப்படுறா.”

“யாரு?”

அவர் மறுபடி கையை நீட்டினார்.

நடுக்கம் நின்றது.

மணிக்கட்டின் தளர்ந்த தோலில் நான்கு குழிகள் விழுந்தன. அடிப்பக்கம் கட்டைவிரல் அகலத்துக்கு இன்னொன்று. அவர் விரல் மெல்ல நகர்ந்து, ‘அனுப்பு’ மேல் இறங்கியது.

கருவி ‘டிங்’ என்றது.

ஈரத்துணி வாடை அவள் முகத்துக்கு நேரே வந்து நின்றது.

எழுந்து ஓடத்தான் நினைத்தாள். ஆனால் அவள் மடியிலிருந்த டேப்லெட்டில், படிவத்தின் கடைசிக் கேள்வி பாக்கி: தனியாக இயக்குகிறாரா? ‘இல்லை’ என்றால் அடுத்த வாரமே இந்த வீடு காலி. ‘ஆம்’ என்பதை நோக்கி விரலைக் கொண்டுபோனாள்.

“டீச்சர்,” பெரியவர் கிசுகிசுத்தார். “தனியான்னு மட்டும் போடாதீங்க. அவளுக்குப் பொறுக்காது.”

அதற்குள் பிடி விழுந்துவிட்டது.

குளிர்ந்த, சொரசொரப்பான விரல்கள். எலும்பு நோக அவள் மணிக்கட்டைப் பற்றின. கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை.

“கோவிச்சுக்காதீங்கம்மா,” என்றாள் காற்றைப் பார்த்து. “உங்களை இல்லைன்னு சொல்லலை. இப்படிப் போடலைன்னா உங்க ரெண்டு பேரையும் பிரிச்சிடுவாங்க.”

பிடி தளர்ந்தது. பிறகு அதே கை அவள் விரலைப் பிடித்து, ‘ஆம்’ மேல் வைத்து அழுத்தியது.

எட்டு மாதம் அளவுகள் ஒரு நாளும் தவறாமல் வந்தன. பிறகு பெரியவர் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். கருவியைத் திரும்ப எடுத்து வர அவளைத்தான் அனுப்பினார்கள். மகன் பெட்டி கட்டிக்கொண்டிருந்தான்.

“நல்லா கத்துக்குடுத்தீங்க மேடம். அப்பா கடைசி வரைக்கும் தனியாவே சமாளிச்சிட்டாரு.”

“உஷ்!” என்றாள் அவள், தன்னையறியாமல்.

அவன் விழித்தான். அவள் கருவியைப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினாள்.

தன் வீட்டு வாசலுக்கு வந்தபோது நடையில் விளக்கு எரியவில்லை. துவாரம் பிடிபடாமல் சாவி இரண்டு முறை வழுக்கியது.

அதே குளிர்ந்த, சொரசொரப்பான கை அவள் கையைப் பிடித்து, சாவியை நேராக்கியது.

அவள் அலறவில்லை, கையை உதறவுமில்லை. அந்த வாசல் வரை அவளோடு யாரும் வந்து எத்தனையோ வருடமாகியிருந்தது.

கதவைத் திறந்தாள். முதலில் உள்ளே போகட்டும் என்று ஒதுங்கி நின்றாள்.