இரண்டும் நிஜம்

அவளை வீட்டில் ‘துருவி’ என்றுதான் கூப்பிடுவார்கள். எதையும் துருவித் துருவிக் கேட்காமல் விடமாட்டாள். பள்ளி விட்டால் நேரே அம்மாவின் விதைக் கடைக்கு வந்துவிடுவாள்.

அன்று பக்கத்துக் கடைத் தையல்கார மாமா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார்.

“நீ கொடுத்த அவரை விதை ஒண்ணுகூட முளைக்கலைம்மா. தொட்டிக்குத் தண்ணி ஊத்தி ஊத்தி என் கைதான் ஓஞ்சுபோச்சு.”

“அதெப்படிண்ணா? இது அதே மூட்டை விதைதான், பாருங்க.” முளைக்கிறதா என்று பார்க்கக் கட்டி வைத்திருந்த ஈரத்துணியை அம்மா பிரித்தாள். எல்லா விதையிலும் வெள்ளை முளை எட்டிப் பார்த்தது.

“அப்ப நான் பொய் சொல்றேனா?”

“நான் அப்படிச் சொல்லலையே.”

இருவர் முகமும் கடுகடுவென்று ஆகிவிட்டது. துருவிக்கோ தலை சுற்றியது. முளைத்ததும் நிஜம், முளைக்காததும் நிஜம். அதெப்படி?

“மாமா, உங்க தொட்டியைத் தோண்டிப் பார்க்கட்டுமா?”

“தாராளமா. இனிமே அதுல கெட்டுப்போக என்ன இருக்கு?”

தண்ணீர் ஊற்றி ஊற்றி மேல்மண் இறுகிப்போயிருந்தது. கரண்டியால் மெல்ல விலக்கினாள். உள்ளே விதைகள் முளைத்துத்தான் இருந்தன. ஆனால் மேலே வர முடியாமல் சுருண்டு வாடிக் கிடந்தன.

“உயிர் இருக்கு மாமா. முட்டி மேல வரத்தான் தெம்பு இல்ல.”

கடைக்கு ஓடினாள். மாமாவுக்குக் கொடுத்த அந்தப் பழைய மூட்டையிலிருந்து ஒரு பிடி, புதிதாக வந்த மூட்டையிலிருந்து ஒரு பிடி எடுத்தாள். தனித்தனித் தட்டில் ஈர மணலில் புதைத்து, மேலே செங்கல் துண்டுகளைப் பரப்பினாள்.

“பச்சப்புள்ள மேல கல்லைத் தூக்கி வெக்கிறியே” என்றார் மாமா.

“மல்யுத்தம் மாமா. யார் ஜெயிக்கிறாங்கன்னு பார்ப்போம்.”

மாமாவுக்கும் ஆவல் தொற்றிக்கொண்டது. பொத்தான் தைப்பதை விட்டுவிட்டு அடிக்கடி எட்டிப் பார்த்தார். ஒரு காலையில் புதிய விதைத் தட்டில் ஒரு செங்கல் துண்டு சாய்ந்திருந்தது. அதைத் தள்ளிக்கொண்டு பச்சைக் கழுத்து ஒன்று வளைந்து எழுந்தது. பிறகு இன்னொன்று. சில நாளில் தட்டே பச்சையானது. பழைய விதைத் தட்டிலோ இரண்டு நோஞ்சான்கள் மட்டும்.

அம்மா வெகுநேரம் பார்த்தாள். “துணியில சொகுசா வெச்சா எதுவும் முளைக்கும். நான் அதோட விட்டுட்டேன். மன்னிச்சுக்குங்கண்ணா.”

“அட, விடும்மா. எனக்கு மட்டும் இது தெரிஞ்சுதா என்ன?”

அம்மா அவருக்குப் புது விதை கொடுத்துவிட்டு, பழைய மூட்டையைக் குப்பைக்கு இழுத்தாள்.

“அம்மா, அதுல கொஞ்சம் எனக்குக் குடேன். பொலபொல மண்ணுல போட்டுப் பார்க்கிறேன்.”

கடைக்குப் பின்னால் மண்ணைக் கிளறி, சலித்து, விதைத்தாள். அவை மெதுவாகத்தான் வந்தன. ஆனால் வந்தன. துருவி குனிந்து பார்த்தாள். ஒரு குட்டி இலை தலையில் ஒட்டிய மண்ணை உதறிவிட்டு விரிந்துகொண்டிருந்தது.